நாற்பத்தொரு வினாடி

அருப்புக்கோட்டையை விட்டு பஸ் வெளியே வந்ததும் சுகப்பிரியாவின் குரல் முன் சீட்டிலிருந்து கேட்டது.

அவள் வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் அவளுடையதுதான். ஒரு வருஷத்துக்கும் முந்தைய குரல். சந்தோஷமான குரல்.

"அப்பா, இன்னைக்கு ரிசல்ட் வந்துருச்சுப்பா. டீத்தண்ணி குடிச்ச எலிக்கெல்லாம் விஷத்த வெளிய தள்ளுற நொதி கூடியிருக்கு. நெசமாவே கூடியிருக்குப்பா. நீங்க குடிக்கிற அதே டீதான். ஆனா பால் ஊத்தாதீங்க. பால் ஊத்துனா அந்தச் சத்தப் பிடிச்சு வச்சுக்கும். வர டீயாக் குடிங்க. மருந்தடிக்கப் போறப்ப ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போங்க. நல்லதுதான்."

கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு. அதோடு முடிந்தது.

போனை வைத்திருந்தவர் ஐம்பது வயதுக்காரர். காலடியில் டீத்தூள் மூட்டை இருந்தது. மன்சூர் அலி, டீத்தூள் கடை, வீரசோழன் என்று அதன் மேல் மையால் எழுதியிருந்தது. பக்கத்து சீட்டு விவசாயிக்காக அதை இன்னொரு முறை ஓட்டினார்.

"கேட்டீகளாண்ணே? பெத்த அப்பனுக்குச் சொல்றது."

"நாங்கெல்லாம் மருந்தடிச்சா பாலுதானய்யா குடிப்போம். பாலுதான் விஷத்துக்கு எதிரின்னு."

"பாலு காலம் போச்சு. இப்பப் பாருங்க, புஞ்சைக்குப் போற ஆளு ஒவ்வொருத்தன் கையிலயும் பிளாஸ்க்கு."

"நீரு யாவாரி. விஷம் முறிஞ்சா ஒமக்கென்ன, முறியாட்டி ஒமக்கென்ன."

"நானா சொல்றேன்? டாக்டரம்மால்ல சொல்லுது."

சுகப்பிரியா முன்னால் குனிந்தாள். "இத யாரு அனுப்புனதுண்ணே?"

"எனக்குக் காரியாபட்டியில ஒரு கடைக்காரரு அனுப்புனாரும்மா. அவருக்கு எவரு அனுப்புனாரோ."

"முடிவுல இன்னும் கொஞ்சம் இருக்கணுமே."

மன்சூர் அலி திரையைப் பார்த்தார். "நாப்பத்தொரு செகண்டு. இவ்வளவுதாம்மா எல்லார்ட்டயும் இருக்கு." பிறகு திரும்பி அவளைப் பார்த்தார். "ஒங்க குரலும் இதே சாயல்லதான் இருக்கு."

"அப்படியா" என்றாள்.

திருச்சுழிக்கு முந்திய விலக்கில் இறங்கும்வரை கம்பியை விடவில்லை.

இன்னொரு வாக்கியம் இருந்தது. அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சென்னையில் ஆய்வுக்கூடத்தின் மாடிப்படியில் நின்று பேசினாள். சிரித்தாள். சிரித்த பிறகு சொன்னாள்: இது எலிக்குத்தாம்ப்பா பாத்திருக்கோம், மூக்குல துண்டு கட்டாம மட்டும் அடிக்காதீங்க. யாரோ அதை வெட்டியிருக்கிறார்கள். அப்பா செத்த இந்த ஒரு வருஷமும் தன் போனில் அந்தப் பேச்சைத் திறக்காமல், அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தூங்கி எழுந்தாள்.

விலக்கிலிருந்து ஊருக்கு அரை மணி நடை. இருபுறமும் கரிசல். போன வருஷம் போலவே மக்காச்சோளம். போன வருஷம் அப்பாவைத் தூக்கிப்போன அன்று எந்த உயரத்தில் நின்றதோ அதே உயரம். ஆள் உள்ளே போனால் தெரியாது. உள்ளே எங்கேயோ மருந்து அடிக்கும் மோட்டார் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. யார் என்று தெரியவில்லை. அவள் வேகமாக நடந்தாள்.

வீட்டில் அம்மா தங்கலட்சுமி சொளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அப்பாவின் முதல் வருஷத் திவசம்.

"சாப்புட்டியா?"

"சாப்புட்டேன்."

"பொய் சொல்லாத. உக்காரு."

அலமாரித் தட்டில் அப்பா பால்சாமியின் படம். படத்துக்குப் பக்கத்தில் அவருடைய போன், சார்ஜரோடு. அம்மா அதை ஒரு நாளும் அணைய விட்டதில்லை. மருந்தடிக்க ஆள் கேட்டு இன்னும் யாராவது அழைப்பார்கள். "அவுக இல்லைங்க" என்று சொல்லி அம்மா தன் கொழுந்தன் மாரீஸ்வரனின் நம்பரைக் கொடுப்பாள். ஏன் இல்லை என்று கேட்டால் மட்டும் வைத்துவிடுவாள்.

"நாளைக்குப் படையல்ல வர டீதான் மொதல்ல வைக்கணும்" என்றாள் அம்மா. "அப்புறந்தான் சோறு. நீ சொன்னதுல இருந்து ஒரு நாள் விட்டதில்ல அவரு. பாலைக் கண்ணுல காட்ட விட மாட்டாரு."

சுகப்பிரியா தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். அவள் டீ குடிப்பதை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு அது தெரியாது.

அவள் வேலை டீயைப் பற்றியது. டீக்குத் துவர்ப்பும் செந்நிறமும் தரும் பாலிஃபீனால்கள் கல்லீரலில் என்ன செய்கின்றன என்று பார்ப்பது. கல்லீரலில் இரண்டு கூட்டம் நொதிகள் உண்டு. முதல் கூட்டம் உள்ளே வந்த நஞ்சைப் பிடித்து மாற்றும். இரண்டாவது கூட்டம், மாற்றியதைக் கட்டி வெளியே தள்ளும். இடையில் ஒரு ஆபத்து இருக்கிறது. சில நஞ்சுகள் முதல் கூட்டத்தின் கை பட்ட பிறகுதான் கொடியதாகும். புகையில் இருக்கும் ஒரு நஞ்சு அந்த வகை. அதைத்தான் எலிகளுக்குக் கொடுத்தார்கள். பல வாரம் டீச்சத்து குடித்த எலிகளில் முதல் கூட்டம் அடங்கியிருந்தது. இரண்டாவது கூட்டம் கூடியிருந்தது. நல்ல முடிவு. எலியில். அந்த ஒரு நஞ்சுக்கு. அளந்து கொடுத்த அளவில்.

சோளத்துக்கு அடிக்கும் மருந்தை எந்த எலிக்கும் அவர்கள் கொடுக்கவில்லை. அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறி நரம்பைப் பிடிப்பது. கல்லீரல் வேலையைத் தொடங்குவதற்குள் மூச்சை நிறுத்திவிடும்.

அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று ஊர் சொன்னது. காலையில் மருந்தடிக்கப் போனவர் பத்து மணிக்குத் திரும்பி வந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோ கண்மாய்க்கரை தாண்டுவதற்குள் போய்விட்டார். சுகப்பிரியா வந்து சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டி மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். அழுகைக்கு நடுவில் அம்மா யாரிடமோ சொன்னாள்: வேர்வையா ஊத்துச்சு, வாயில நுரை தள்ளுச்சு, கண்ணு மணி கடுகு மாதிரி சிறுத்துப்போச்சு. சுகப்பிரியா அதைக் கேட்டாள். கண்மணி கடுகாகச் சிறுப்பது நெஞ்சு வலியில் இல்லை. அது எதில் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து வெளியே போய் நின்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் மாரீஸ்வரன் வந்தார். அப்பாவைவிட எட்டு வயது இளையவர். அண்ணன் போன பிறகு அண்ணனுடைய ஸ்பிரேயரை எடுத்துக்கொண்டு அவர்தான் அந்த வேலைக்குப் போகிறார். வாசலிலேயே இருமினார். சுகப்பிரியா கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தாள். அப்பாவின் இருமல் அது.

"வாத்தா டாக்டரு. எலியெல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியம் சித்தப்பா. நீங்க?"

"எலி அளவுக்கு இல்ல. எனக்கு யாரு அளந்து அளந்து ஊத்துறா."

அம்மா வர டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் டம்ளரை வாங்கும்போது டீ விளிம்பு தாண்டி வேட்டியில் சிந்தியது. அவரே சிரித்தார். "மோட்டாரு நின்னாலும் கை நிக்க மாட்டேங்குது மதினி. பகல்ல ஆடுனது பத்தாதாம்."

சுகப்பிரியா அந்தக் கையைப் பார்த்தாள். "நாளைக்கு வேலை இருக்கா?"

"கிழக்குக் காட்டுல ஒம்பது டேங்கு மருந்து. வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிட்டுப் படையலுக்கு வந்துருவேன்."

"தெவசத்தன்னைக்குமா?"

"சோளத்துல படைப்புழு தெவசம் பாத்தா திங்குது?"

"துண்டு கட்டுவீகளா?"

"எங்கிட்டுக் கட்டுறது. சோளம் தலைக்கு மேல நிக்குது. உள்ள காத்து இல்ல. மூச்சு முட்டுது. அதான் டீ இருக்கே. போறப்ப ஒன்னு, நடுவுல ஒன்னு, முடிச்சிட்டு ஒன்னு. பாலு ஒரு சொட்டு பட்டாலும் அன்னைக்கு மருந்தத் தொட மாட்டோம். இங்க மருந்தடிக்கிற அத்தன பயலுக்கும் அதான் சட்டம். நீ போட்ட சட்டம்."

"நான் அப்படிச் சொல்லல சித்தப்பா. கடைசியில துண்டு கட்டச் சொன்னேன். எவனோ அத வெட்டிட்டு அனுப்பிட்டான்."

"எவன் வெட்டுனான்? அண்ணன் எனக்குத்தான் மொதல்ல அனுப்புச்சாரு. அங்க இருந்துதான் ஊருக்கே போச்சு. நாப்பத்தொரு செகண்டு."

"அப்பா போன எடும்மா."

அம்மா சொளகைக் கீழே வைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தாள். சுகப்பிரியா தன் பெயரைத் தேடி மேலே தள்ளிக்கொண்டே போனாள். தேதி வந்தது. அந்தக் குரல் இருந்தது. நாற்பத்தொரு வினாடி. அதற்குக் கீழே இரண்டாவது குரல் எதுவும் இல்லை. அழித்த அடையாளமும் இல்லை. அப்பாவின் பதில் இருந்தது. நான்கு வினாடி. விரல் தானாகப் பட்டு அது ஓடியது.

"சரித்தா. அப்ப இனிமே பயமில்ல."

அடுப்படிக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றாள். அந்தப் பதிலுக்குக் கீழே சுகப்பிரியா அனுப்பிய ஒரு மஞ்சள் சிரிப்பு மட்டும் இருந்தது.

அவள் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். முந்தின நாள், அடுத்த நாள், அடுத்த வாரம். துண்டு என்ற சொல்லே எங்கும் இல்லை. ஆனால் மாடிப்படியில் நின்று அதைச் சொன்னது இப்போதும் காதில் கேட்டது. கைப்பிடியின் குளிர்ச்சிகூட நினைவிருந்தது. சொல்லாத ஒன்றை எப்போது சொன்னதாக ஆக்கிக்கொண்டாள் என்று தெரியவில்லை. அப்பாவைப் புதைத்துவிட்டு ரயிலில் திரும்பிய அன்றாக இருக்கலாம்.

"என்ன, இருக்கா?" என்றார் மாரீஸ்வரன்.

"இல்ல சித்தப்பா."

"நீ அன்னைக்குச் சரியாத்தான் சொன்ன. படிச்சுப் படிச்சு இப்ப ஒனக்குப் பயம் வந்துருச்சு." அவர் எழுந்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

விடிந்து வெயில் வந்த பிறகு அவள் கிழக்குக் காட்டுக்குப் போனாள். வரப்பில் சட்டை ஒன்று கிடந்தது. பக்கத்தில் மருந்து டப்பா, தண்ணீர்க் குடம், பிளாஸ்க். சோளத்துக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாடை வந்தது. அப்பாவின் துணிகளை எரித்த அன்று வந்த வாடை.

"சித்தப்பா."

மோட்டார் சத்தம் தள்ளிப் போனது. சோளத்தின் தலைகள் ஒரு இடத்தில் அசைந்தன. பிறகு வேறொரு இடத்தில். இரண்டுக்கும் நடுவில் யாரும் நடந்த மாதிரி இல்லை. இருமல் கேட்டது. அவளுக்கு இடதுபக்கம் ஒன்று, நேர் எதிரே ஒன்று. உள்ளே ஒருவர்தான் இருக்கிறார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறுபடி கூப்பிட்டாள். கூப்பிட வந்த சொல் வேறு. அப்பா என்று கூப்பிட்டுவிட்டாள்.

மோட்டார் நின்றது.

சோளத்தை விலக்கிக்கொண்டு மாரீஸ்வரன் வந்தார். மேலில் சட்டை இல்லை. தலைமுடியிலிருந்து தோள்வரை மருந்தில் நனைந்திருந்தது. முகத்தில் துண்டு இல்லை.

"யாரக் கூப்புட்ட?"

"ஒங்களத்தான்."

அவர் டேங்கை இறக்கி வைத்தார். பிளாஸ்க்கை எடுக்கப் போனார். அவள் அதை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கு நெஞ்சு வலி இல்ல சித்தப்பா. இந்த மருந்துதான். கண்ணு மணி சிறுத்துச்சுன்னு அம்மா சொன்னப்பவே எனக்குத் தெரியும். டீ இதுக்குக் கேக்காது. நான் பாத்தது வேற விஷம், வேற உடம்பு. நான் சொன்னதக் கேட்டுத்தான் அப்பா துண்ட விட்டாரு."

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"மதினிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒரு வருஷமாவா?"

"ஆமா."

அவர் வரப்பில் உட்கார்ந்தார். கை முழங்கால் மேல் ஆடிக்கொண்டிருந்தது. அதை மற்ற கையால் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்குச் சொன்னதும் நீதான். இன்னைக்குச் சொல்றதும் நீதான். ரெண்டும் ஒரே குரலு. நான் எத நம்ப?"

அவள் பிளாஸ்க்கை இன்னும் இறுகப் பிடித்தாள்.

"அன்னைக்கு நீ சொன்னதுல எங்க அண்ணனுக்குப் பெரும. எங்களுக்குத் தைரியம். இன்னைக்கு நீ சொல்றத நம்புனா எனக்குப் பயந்தான் மிச்சம். இதோ இன்னும் மூணு டேங்கு இருக்கு. ஒன் பேச்சக் கேட்டு விட்டுட்டுப் போனா நாளைக்கு எவன் என்னக் கூப்புடுவான்?" அவர் நிமிர்ந்தார். "ஒன்னு செய்யி. மத்தியானம் அண்ணனுக்குப் படைக்கிறப்ப, அந்த எலைக்கு முன்னாடி நின்னு, ஒங்கம்மா மூஞ்சியப் பாத்து இதச் சொல்லு. அங்க எவனும் பொய் சொல்ல மாட்டான். சொல்லிட்டின்னா நான் நம்புறேன். மிச்ச மூணு டேங்க அதுக்கப்புறம் பாப்போம்."

"அம்மா தாங்க மாட்டா சித்தப்பா."

"அப்ப நீ பயந்துக்கிட்டுச் சொல்றன்னு நெனச்சுக்கிறேன். பிளாஸ்க்கக் குடு."

அவள் கொடுக்கவில்லை. டீயைக் கரிசலில் கவிழ்த்துவிட்டு வெறும் பிளாஸ்க்கை அவரிடம் நீட்டினாள். "சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வாங்க. படையல்ல சொல்றேன்" என்றாள்.

மத்தியானம் இலை போட்டார்கள். சோறு, உளுந்துவடை, கருவாட்டுக் குழம்பு, அவருக்குப் பிடித்த சீனிச்சேவு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு டம்ளர் வர டீ, ஆவி பறக்க. மாரீஸ்வரன் குளித்து வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். அவர் மனைவி கஸ்தூரி சாம்பிராணித் தட்டைப் பிடித்திருந்தாள். வேறு யாரும் இல்லை. அம்மா சூடம் கொளுத்தினாள்.

சூடம் அணையும்வரை சுகப்பிரியா காத்திருந்தாள்.

"அம்மா. அப்பாவுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும்."

அம்மா இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். "சொல்லு."

அவள் சொன்னாள். காட்டில் சொன்னதைவிடக் குறைவான சொற்களில் சொன்னாள். நெஞ்சு வலி இல்லை. மருந்து. டீயால் ஒன்றும் ஆகாது. சொன்னது நான். தெரிந்தும் ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவளும் நான். இடையில் நிறுத்தி, மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கஸ்தூரி சாம்பிராணித் தட்டைத் தரையில் வைத்துவிட்டாள்.

அம்மா தண்ணீர் விட்டு முடித்தாள். செம்பை வைத்தாள். மகளைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசியது மாரீஸ்வரன்தான். இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு ரெண்டு நாளா கண்ணு மங்கலாத் தெரியுது."

"என்ன சொல்றீக?" என்றாள் கஸ்தூரி.

"காலையில இருந்து எச்சி ஊறிக்கிட்டே இருக்கு. வகுத்தப் பெரட்டுது. வெயிலுன்னு நெனச்சேன்."

சுகப்பிரியா அவர் முன்னால் மண்டியிட்டு, தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். கண்மணி சின்னதாக இருந்தது. அப்பாவின் கண்ணைப் பார்க்க அவளுக்குக் கிடைக்கவில்லை. இப்போது பார்த்தாள்.

"சித்தி, ஆட்டோக்காரருக்குப் போன் போடுங்க. டவுனு ஆஸ்பத்திரிக்குப் போகணும். வரப்புல கெடக்குற மருந்து டப்பாவையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. டாக்டரு அதப் பாக்கணும்."

"சாப்புட்டுப் போவமே" என்றார் மாரீஸ்வரன். "அண்ணன் எலைய விட்டுட்டு எப்பிடிப் போறது. செத்த நேரம் படுத்தேன்னா சரியாயிரும்." சுவரோரம் கிடந்த கயிற்றுக் கட்டிலில் கையை ஊன்றினார்.

"படுக்காதீக தம்பி."

அம்மாவின் குரல் அவ்வளவு உரக்க வந்து யாரும் கேட்டதில்லை. அவள் இலையைத் தாண்டி வந்து கட்டிலைத் தூக்கி நிமிர்த்திச் சுவரில் சாத்தினாள்.

"அவரையும் இதுலதான் படுக்க வச்சேன். செத்த நேரம் படுத்தா சரியாயிரும்னு அவரும் இதத்தான் சொன்னாரு. அரை மணி நேரம் படுக்க வச்சேன். அப்புறந்தான் ஆட்டோவுக்குச் சொன்னேன்."

கஸ்தூரி போனைக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போனாள்.

"ஒக்காருங்க. ஒக்காந்தே இருங்க" என்றாள் அம்மா.

மருந்து டப்பாவோடு ஆட்டோ வந்தது. கஸ்தூரி முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். பின்னால் மாரீஸ்வரனை நடுவில் வைத்து ஒரு பக்கம் சுகப்பிரியா உட்கார்ந்தாள். அம்மா மறுபக்கம் ஏறினாள்.

"நீ எதுக்கும்மா. வீட்டுல படையல்..."

"அது இருக்கும்."

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஒரு காகம் ஓட்டில் வந்து உட்கார்ந்தது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு குழியிலும் மாரீஸ்வரனின் தலை அம்மாவின் தோளில் சாய்ந்தது. அவள் அதை நிமிர்த்திவிட்டுக்கொண்டே வந்தாள். அவர் நெற்றி வேர்த்திருந்தது. சுகப்பிரியா அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை குறைவாகத்தான் வந்தது. ஆனால் வந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு இந்தச் சாலையில் இதை யாரும் எண்ணவில்லை.

கண்மாய்க்கரை வந்தது. டிரைவர் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தார். அன்றைக்கும் ஓட்டியது அவர்தான். மறுபடி வேகம் கூட்டினார். கரையைத் தாண்டியதும்தான் கஸ்தூரி மூச்சு விட்டாள்.

"ஒன்னக் கேக்கணும்" என்றாள் அம்மா. இப்போதும் மகளைப் பார்க்கவில்லை. மாரீஸ்வரனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேளும்மா."

"நெஞ்சு வலின்னா சட்டுனு போயிருமாம். ஒன்னும் தெரியாதாம். எல்லாரும் அதச் சொல்லித்தான் என்னத் தேத்துனாக." நிறுத்தினாள். "இதுல எப்பிடி? அவருக்கு நெனவு இருந்திருக்குமா?"

இல்லை என்று சொல்ல முடியும். அம்மா அதை நம்புவாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இலையின் முன்னால் நிற்காமல் இருந்திருந்தால் சுகப்பிரியா அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"இருந்திருக்கும்மா. ரொம்ப நேரம் இருந்திருக்கும்."

"காது கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்."

அம்மா தலையை ஆட்டினாள். சேலைத் தலைப்பால் மாரீஸ்வரனின் வாயோரத்து எச்சிலைத் துடைத்தாள்.

"அப்ப நான் பேசுனதெல்லாம் கேட்டிருக்கும்."

"என்னம்மா பேசுன?"

ஆட்டோ ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. தூரத்தில் அருப்புக்கோட்டையின் தண்ணீர்த் தொட்டிகள் தெரிந்தன.

"கட்டில்ல படுக்க வச்சு, தலைய மடியில தூக்கி வச்சு, ஸ்பூனால வர டீய ஊட்டுனேன். உள்ள போகல. வழிஞ்சு வழிஞ்சு வந்துச்சு. நான் விடல. குடிங்க, கொஞ்சம் குடிங்க, எம்மக கண்டுபிடிச்சது, ஒங்க மக பொய் சொல்ல மாட்டா, குடிச்சா முறிஞ்சிரும்னு சொல்லிக்கிட்டே ஊட்டுனேன். அரை மணி நேரமும் ஒம்பேரத்தான் சொன்னேன்."

மாரீஸ்வரனின் இமை மெல்ல இறங்கியது. அம்மா அவர் கன்னத்தில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினாள்.

"கண்ணத் தொறங்க தம்பி. ஏதாவது பேசுங்க. என்னத்தையாவது பேசிக்கிட்டே வாங்க."

அவர் நாக்கைப் புரட்டி எதையோ சொல்ல முயன்றார். சுகப்பிரியா மணிக்கட்டை விடாமல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.